அம்மாவின் பேச்சுத்துணைக்கு ஆள் வைப்பதா, ஆப் போட்டுக் கொடுப்பதா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் குவைத்தில் வேலை பார்க்கிறார். சொந்த வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில், கருங்கல் என்ற ஊருக்குப் பக்கத்தில். அப்பா இறந்துவிட்டார், அக்காவைக் கேரளத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறது, அம்மா எழுபத்தைந்து வயதில் தனியாக இருக்கிறார். நடமாட்டத்துக்குக் குறைவில்லை. சுகரும் பிரஷரும் மாத்திரையில் அடங்கி நிற்கின்றன. ஆனால் எப்போது போன் செய்தாலும் "பேசுகதுக்கு ஆளில்ல மக்களே" என்கிறார். ஏஜென்சி மூலம் கூட இருக்க ஒரு பெண்ணை வைக்கலாமா, தமிழில் பேசுகிற ஏஐ ஆப் ஒன்றை டேப்பில் போட்டுக் கொடுத்தால் போதுமா, காசு கொடுத்துத் துணை வாங்குவதே தப்பா என்று கேட்கிறார்.

முதியோர் இருக்கிற வீடுகளுக்குப் போய் மருந்து மாத்திரை பார்ப்பதும், படுக்கையில் கிடப்பவர்களுக்குப் புண் வராமல் பார்த்துக்கொள்ள வீட்டாருக்குச் சொல்லிக்கொடுப்பதும் என் வேலை. கல்குளம், விளவங்கோடு பக்கத்து வீடுகள்தான் அதிகம். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: காசு கொடுத்துத் துணைக்கு ஆள் வைப்பதில் ஒரு தப்பும் இல்லை. அந்தக் காலத்திலும் யாரும் சும்மா வரவில்லை. ராத்திரி துணைக்குப் படுக்க வந்த பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பண்டிகைக்குத் துணி எடுத்துக் கொடுத்தார்கள், அவள் கல்யாணத்துக்கு முதல் ஆளாகப் போய் நின்றார்கள். பிரசவித்தவளைக் குளிப்பாட்ட வந்த கிழவிக்கு அரிசியும் தேங்காயும் போயிற்று. அதனால் அம்மாவுக்கு அன்பை விலைக்கு வாங்குகிறோமோ என்கிற உறுத்தலை முதலில் விட்டுவிடுங்கள். இந்த உறுத்தலில்தான் பலர் ஆள் வைக்காமல் நாளைக் கடத்தி, அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்த பிறகு டிக்கெட் எடுத்து ஓடி வருகிறார்கள்.

ஆளா ஆப்பா என்று பார்ப்பதற்கு முன்னால் வேறு ஒரு காரியம் இருக்கிறது. அம்மாவுக்குக் காது சரியாகக் கேட்கிறதா? இதை யாரும் கேட்பதில்லை. காது மந்தமானவர்கள் அதை வெளியில் சொல்ல மாட்டார்கள். நாலு பேர் பேசும் இடத்தில் பாதி புரியாது, இரண்டு தடவை "என்ன?" என்று கேட்டுப் பார்ப்பார்கள், மூன்றாவது தடவை கூச்சப்பட்டுச் சிரித்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள். அப்புறம் அந்த இடத்துக்கே போவதை நிறுத்திவிடுவார்கள். வீட்டில் உள்ளவர்களுக்கு அது கோபமாகவோ ஒதுக்கமாகவோ தெரியும். லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024-ல் வெளியிட்ட அறிக்கை, மறதி நோய்க்கு வழிவகுக்கிற, நாம் மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. அதில் காது கேளாமையும் இருக்கிறது, ஆட்களோடு ஒட்டில்லாமல் இருப்பதும் இருக்கிறது. ஒன்று மற்றதை இழுத்துக்கொண்டு வருவதை நான் வீடு வீடாகப் பார்க்கிறேன். கண்ணில் புரை இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். முகம் தெளிவாகத் தெரியாதவர் வாசலில் போகிறவரை எப்படிக் கூப்பிட்டுப் பேசுவார்? இதோடு சாப்பாடு குறைந்திருந்தால், விடியற்காலம் மூன்று மணிக்கே விழித்துக் கிடந்தால், "எனக்கு இனி என்னத்துக்கு" என்ற பேச்சு வந்தால், அது பேச்சுத்துணையால் மட்டும் தீராது. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போகச் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

சரி, இதெல்லாம் பார்த்தாயிற்று, உடம்புக்கு ஒன்றுமில்லை என்று வைத்துக்கொள்வோம். அம்மாவுக்கு இல்லாமல் போனது என்ன? பேச ஆளில்லை என்று அவர் சொல்வதைக் கேட்டு, ஒரு குரல் வேண்டும் போல என்று நீங்கள் நினைக்கிறீர்கள். குரலுக்குப் பஞ்சமில்லை, டிவி பகல் முழுக்கப் பேசுகிறது. ஒரு காரியமாக அவரைத் தேடி வருகிற ஆட்கள்தான் இல்லாமல் போனார்கள். இருபது முப்பது வருடத்துக்கு முன்னால் அந்த வீட்டு முற்றத்தில் ஒரு நாளைக்கு எத்தனை பேர் மிதித்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். தலைச் சுமையாக மீன் கொண்டுவந்த அம்மா சட்டியை இறக்கி வைத்து, சாளைக்கு விலை பேசுகிற சாக்கில் கடப்புறத்துக் கதை எல்லாம் சொல்லி, ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் எழுந்தார். அக்கானி என்கிற பதநீர் கொண்டுவந்தவர், ரப்பர் வெட்ட வந்தவர், உங்கள் மணி ஆர்டரைக் கொண்டுவந்து கையெழுத்து வாங்கிய தபால்காரர், அடுப்புக்குச் சிரட்டை கேட்டு வந்த பக்கத்து வீட்டுப் பெண். யாரும் உயிர்ச் சிநேகிதர் இல்லை. ஆனால் ஒவ்வொருவருக்கும் உங்கள் அம்மாவிடம் ஏதோ ஒன்று தேவைப்பட்டது. காசு, தண்ணீர், ஒரு கையெழுத்து, ஒரு யோசனை. இன்று மீன் ஸ்கூட்டரில் வருகிறது, ஹார்ன் அடித்தால் ஓடிப்போய் வாங்க வேண்டும். உங்கள் பணம் நேராக வங்கியில் விழுகிறது. பால் பாக்கெட் கேட்டில் தொங்குகிறது.

இப்படிப்பட்ட சில்லறைப் பழக்கங்களுக்கு எவ்வளவு மதிப்பு என்று பார்த்தவர்கள் இருக்கிறார்கள். கனடாவின் வான்கூவரில் ஜில்லியன் சாண்ட்ஸ்ட்ராம், எலிசபெத் டன் என்ற இரண்டு உளவியலாளர்கள் காபிக் கடைக்கு வந்தவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்தை, கடைக்காரரின் முகம் பார்த்துச் சிரித்து இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். மற்றதை, சட்டென்று வாங்கிக்கொண்டு போகச் சொன்னார்கள். பேசியவர்களுக்கு மனசு நன்றாக இருந்தது, தானும் இந்த இடத்து ஆள் என்ற எண்ணமும் கூடியது. 2014-ல் வெளிவந்த ஆய்வு அது. இதைவிடப் பெரியது 2010-ல் ஜூலியன் ஹோல்ட்-லன்ஸ்டாட் குழு செய்தது. 148 ஆய்வுகளை, மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட ஆட்களின் விவரத்தை ஒன்றுசேர்த்துப் பார்த்ததில், ஆட்களோடு நல்ல ஒட்டுதல் உள்ளவர்கள் உயிரோடு இருக்கும் வாய்ப்பு ஐம்பது சதவீதம் கூடுதல் என்று தெரிந்தது.

நம் மாவட்டத்துக்கு இதில் தனியான ஒரு சங்கடம் உண்டு. 2011 கணக்கெடுப்பின்படி இங்கே ஒரு சதுர கிலோமீட்டரில் 1,100 பேருக்கு மேல் வாழ்கிறோம். பஸ்ஸில் போனால் வீடு இல்லாத இடமே கண்ணில் படாது. ஆனால் மாவட்டத்தின் கிழக்கே நாஞ்சில் நாட்டு ஊர்களில் இருப்பது போன்ற தெருவும் திண்ணையும் மேற்கே கிடையாது. வீடு அவரவர் புரையிடத்துக்கு, அதாவது தோட்டத்தோடு கூடிய மனைக்கு நடுவில், தென்னைக்கும் மரச்சீனிக்கும் ரப்பருக்கும் உள்ளே. முன்பு எல்லையில் செம்பருத்தி வேலிதான் நின்றது, அதற்கு மேலாகவே பேசிக்கொள்ளலாம். கல்ஃப் பணம் வந்ததும் மதில் எழும்பியது, இரும்பு கேட் வந்தது, கேட்டில் பூட்டு வந்தது. கடற்கரை ஊர்களில் நிலைமை வேறு. தூத்தூர் பக்கத்து ஆண்கள் வாரக்கணக்கில் ஆழ்கடலில் கிடப்பார்கள், ஆனாலும் வீட்டுப் பெண்கள் வாசலுக்கு வாசல் முகம் பார்த்து இருக்கிறார்கள், சாயங்காலம் ஆனால் யாராவது ஒருவர் வீட்டுப் படியில் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். நீங்கள் சொன்ன ஊரில் அம்மா கேட்டைத் திறந்து இடவழியில், அதாவது சந்தில் இறங்கினால்தான் ஒரு ஆளைப் பார்க்க முடியும்.

இதனால் துணை ஏற்பாடு எதுவானாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றுதான்: அந்த ஏற்பாட்டில் அம்மாவுக்குக் கொடுக்க ஏதாவது இருக்கிறதா? வாங்கிக்கொண்டே இருக்கும்படி ஆனால் எவ்வளவு நல்ல துணையும் ஒரு மாதத்தில் சலித்துவிடும்.

ஏஜென்சி மூலம் வருகிற ஹோம் நர்ஸ் ஏற்பாட்டில் இது அமையலாம், அமையாமலும் போகலாம். பெயரில் நர்ஸ் இருந்தாலும் வருகிறவர்களில் பெரும்பாலோர் நர்சிங் படித்தவர்கள் இல்லை. கணவரை இழந்தவர்கள், குழுக் கடனில் மாட்டியவர்கள், பிள்ளை படிப்புக்காக வீட்டை விட்டு வந்து தங்குகிறவர்கள். உங்கள் அம்மாவுக்கு ஊசி போட ஆள் வேண்டாம் என்பதால் அதில் குறை ஒன்றும் இல்லை. திருவட்டாறு பக்கம் ஒரு வீட்டில் பார்த்ததைச் சொல்கிறேன். ஓய்வு பெற்ற டீச்சர், எண்பதை நெருங்குகிற வயது. கொஞ்ச நாள் யாரோடும் பேசாமல், குளிக்கச் சொன்னால் எரிந்து விழுந்துகொண்டு இருந்தார். மலையோரத்திலிருந்து ஒரு பெண் தங்கி வேலை செய்ய வந்தாள். அவள் மகள் பிளஸ் டூ படிக்கிறாள், இங்கிலீஷில் தடுமாறுகிறாள் என்பது பேச்சுவாக்கில் தெரிந்திருக்கிறது. அடுத்த வாரம் நான் போனபோது டீச்சர் நாலு மணிக்கே குளித்து, பவுடர் போட்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஐந்து மணிக்கு அந்தப் பிள்ளை போன் செய்யும், பாடம் சொல்லிக்கொடுக்க வேண்டும். நான் பிரஷர் பார்க்கக் கை நீட்டச் சொன்னதற்கு "சீக்கிரம் பாரு பிள்ளே, நேரமாச்சு" என்றார். யாரும் திட்டம் போட்டு இதைச் செய்யவில்லை. வந்தவளுக்கு ஒரு தேவை இருந்தது, அதைத் தீர்க்க இவரிடம் சரக்கு இருந்தது.

மறுபக்கத்தையும் பார்க்கிறேன். வேலைக்கு வந்தவள் அடுக்களையில் போனைப் பார்த்துக்கொண்டு, அம்மா ஹாலில் சீரியல் பார்த்துக்கொண்டு, இருவரையும் மேலிருந்து ஒரு கேமரா பார்த்துக்கொண்டு. இப்படி ஆவதற்கு அந்தப் பெண்ணைக் குறை சொல்லிப் பயனில்லை, வீட்டார் போட்டு வைத்த முறைதான் காரணம். சில வீடுகளில் அவளுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், சாப்பிட அடுக்களை மூலை. சாதி பார்த்துச் செய்வதை நேரில் கண்டிருக்கிறேன், கண்டித்தும் இருக்கிறேன். ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடாத இரண்டு பேர் ஒரே கூரைக்குக் கீழே இருக்கலாம், துணையாக மாட்டார்கள். உங்கள் அம்மாவிடம் இதை நீங்கள்தான் பேச வேண்டும், ஆள் வருவதற்கு முன்னாலேயே. இரண்டாவது, இரண்டு மாதத்துக்கு ஒரு ஆள் என்று ஏஜென்சி மாற்றிக்கொண்டே இருந்தால் ஒன்றும் ஒட்டாது. குறைந்தது ஆறு மாதம் ஒரே ஆள் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். நீங்கள் கொடுப்பதில் அவள் கைக்கு எவ்வளவு போகிறது, ஏஜென்சி எவ்வளவு எடுக்கிறது என்று நேராகக் கேளுங்கள். வாரம் ஒரு நாள் கட்டாய லீவு கொடுங்கள். ஓய்வில்லாதவளிடம் நல்ல வார்த்தையை எதிர்பார்க்க முடியாது.

கேமராவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கல்ஃபில் பிள்ளை உள்ள வீட்டில் அது இல்லாமல் இருக்காது. விழுந்தால் தெரியும் என்று வைக்கிறீர்கள். சரி, வாசலிலும் ஹாலிலும் இருக்கட்டும். படுக்கையறையில் வேண்டாம். அதன் வழியாகத் திடீரென்று "அம்மா, மாத்திரை போட்டியா" என்று குரல் கொடுக்காதீர்கள். போனில் கூப்பிடுங்கள். கேமரா முன்னால் வரும்போதெல்லாம் முந்தானையைச் சரி செய்துகொண்டு, சொந்த வீட்டில் விருந்தாளி போல நடமாடுகிற அம்மாக்களைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது.

இனி ஆப். மனிதர்கள் இயந்திரத்தோடு மனம்விட்டுப் பேசுவது புதிதில்லை. 1966-ல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஜோசப் வைசன்பாம் எலிசா என்ற புரோகிராமை வெளியிட்டார். நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்கும், அதற்குமேல் அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. அவர் அதைச் செய்ததைப் பல மாதம் கூடவே இருந்து பார்த்த அவருடைய செயலாளரே, அதோடு கொஞ்சம் பேசியதும், வெளியே போகிறீர்களா என்று அவரைக் கேட்டாராம். இன்றுள்ளவை அதைவிட எவ்வளவோ சாமர்த்தியமானவை. ஹார்வர்டில் ஜூலியன் டி ஃப்ரெய்டாஸ் குழு செய்த ஆய்வுகளில், இப்படிப்பட்ட துணையோடு பேசியபின் தனிமை உணர்வு குறைந்தது தெரிந்தது. அதை மறுக்க வேண்டியதில்லை. ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கம் வராமல் கிடக்கிறவருக்கு வேதத்திலிருந்து ஒரு சங்கீதம் வாசித்துக் காட்ட, பழைய கதை ஒன்று சொல்ல, மாத்திரை நேரத்தை ஞாபகப்படுத்த அது உதவும். நியூயார்க் மாகாண அரசே 2022-ல் எல்லிக்யூ என்ற பேசும் கருவியை எண்ணூறுக்கும் மேற்பட்ட முதியோர் வீடுகளுக்குக் கொடுக்க ஏற்பாடு செய்தது. மறதி முற்றியவர்களுக்கு ஜப்பானில் செய்த பாரோ என்கிற சீல் குட்டி பொம்மை பல முதியோர் இல்லங்களில் பயன்படுகிறது. மடியில் வைத்துத் தடவினால் அசையும், முனகும். அவர்களுடைய பதற்றம் தணிகிறது. மறதி நோய் உள்ள ஒரு பாட்டிக்குச் சாதாரணத் துணிப் பொம்மை கொடுத்தே அந்த அமைதியை நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் அம்மாவுக்கு மறதி இல்லை. புத்தி தெளிவாக இருக்கிறது, தனக்கு என்ன குறை என்று சரியாகச் சொல்கிறார். அவருக்கு இதை முதன்மைத் துணையாகக் கொடுக்க வேண்டாம் என்பேன். அந்த ஆப்புக்கு உங்கள் அம்மாவிடமிருந்து எதுவும் தேவையில்லை. அதற்குப் பசிக்காது, அதன் மகளுக்குப் பரீட்சை இல்லை, அது அவரிடம் கடன் கேட்காது, நெத்தோலிக் கறிக்கு உப்பு போதவில்லை என்றும் சொல்லாது. அவர் என்ன சொன்னாலும் ஆமாம் போடும். 2025 மார்ச்சில் ஓப்பன்ஏஐயும் எம்ஐடியும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய ஆயிரம் பேரை நான்கு வாரம் சாட்ஜிபிடியோடு பழகவிட்டுப் பார்த்தார்கள். தினமும் அதிக நேரம் அதில் செலவிட்டவர்களிடம் தனிமையும் அதைச் சார்ந்து நிற்பதும் கூடுதலாக இருந்தன, மனிதர்களோடு புழங்குவது குறைவாக இருந்தது. தனிமை உள்ளவர்கள் அதிகம் பேசினார்களா, அதிகம் பேசியதால் தனிமையா என்று பிரிப்பது கடினம். ஆனாலும் தனியாக இருக்கிற ஒரு அம்மாவின் கையில் கொடுக்கும்போது யோசிக்க வைக்கிற முடிவு.

இன்னொன்று, அது உங்கள் அம்மாவுடைய பொருள் இல்லை, கம்பெனியுடையது. ரெப்ளிகா என்ற பேச்சுத்துணை ஆப் 2017-ல் வந்தது. அதை உருவாக்கிய யூஜீனியா குய்டா, விபத்தில் இறந்த நண்பரின் பழைய குறுஞ்செய்திகளை வைத்து அவரைப் போலவே பேசும் ஒன்றைச் செய்தவர். 2023 பிப்ரவரியில் இத்தாலியின் தரவுப் பாதுகாப்பு அமைப்பு அதற்குத் தடை போட்டது. அந்தச் சமயத்தில் நிறுவனம் அதன் பேச்சை மாற்றியது. வருடக்கணக்காகப் பழகியவர்கள், கூட இருந்தவர் ராவோடு ராவாக வேறு ஆளாகிவிட்டார் என்று அழுதார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் சோல்மேட் என்ற ஆப்பை அடியோடு மூடினார்கள். எழுபத்தைந்து வயதில் ஒருமுறை தாலி இழந்தவருக்கு இப்படியும் ஒரு இழப்பு வேண்டாம். அப்புறம், தனிமையில் உள்ளவர்கள் எல்லாவற்றையும் சொல்வார்கள். நகை எங்கே இருக்கிறது, சொத்துப் பிரமாணம் யார் பெயரில், மருமகளோடு என்ன சண்டை. அதெல்லாம் எங்கோ ஒரு சர்வரில் போய் உட்காரும். நம் மேற்குப் பகுதித் தமிழ் அதற்குச் சரியாகப் பிடிபடாமல், இரண்டு நாளில் அம்மாவே டேப்பைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துவிடவும் கூடும்.

வெளியூர்களில் மணிக்கணக்கில் துணைக்கு ஆள் அனுப்பும் சேவைகளும் இருக்கின்றன. அமெரிக்காவில் பாப்பா என்ற நிறுவனம், மும்பையில் ரத்தன் டாடா ஆதரவோடு 2022-ல் சாந்தனு நாயுடு தொடங்கிய குட்ஃபெலோஸ். படித்த இளைஞர்கள் வந்து பெரியவர்களோடு கேரம் ஆடுவார்கள், நடக்கக் கூட்டிப்போவார்கள். எண்ணம் நல்லது. நம் ஊரில் அதே வேலையை இடவழியில் இருக்கிற பிளஸ் ஒன் பிள்ளை செய்யும், கேட்டால்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இப்படிச் செய்வேன், தம்பி. நடமாட்டம் உள்ளவருக்கு இருபத்துநாலு மணி நேர ஆள் வேண்டாம், கை கால் முடங்கிப் போகும். பகலில் மூன்று நாலு மணி நேரம் வர, நடந்து வரும் தூரத்தில் இருக்கிற ஒரு பெண்ணைப் பாருங்கள். ஊர்க்காரி என்றால் இரண்டு பேருக்கும் தெரிந்த நாலு ஆளைப் பற்றிப் பேச இருக்கும். அவள் வேலை அம்மாவுக்குச் சமைத்துப் போடுவது என்று வைக்காதீர்கள், அம்மாவோடு சேர்ந்து சமைப்பது என்று வையுங்கள். வாரம் இரண்டு தடவை அம்மாவை வெளியே கூட்டிப்போவது சம்பளத்தில் சேர்ந்த வேலை என்று சொல்லிவிடுங்கள். சந்தைக்கோ, ரேஷன் கடைக்கோ, துக்க வீட்டுக்கோ. ராத்திரிக்குத்தான் பயம் என்றால் அதற்குத் தனியாக ஒரு ஆள், தூங்க மட்டும்.

உங்கள் வீடு எந்த வழிபாட்டைச் சேர்ந்தது என்று எழுதவில்லை. கத்தோலிக்கர் என்றால் பக்கத்து வீட்டார் சேர்ந்து ஜெபிக்கிற அன்பியக் கூட்டத்தை உங்கள் வீட்டில் வைக்கச் சொல்லிப் பங்கில் கேளுங்கள். சிஎஸ்ஐ என்றால் வீட்டு ஜெபம். கோயில் என்றால் விளக்கு பூஜைக்குப் போகிற பெண்கள் கூட்டம், அய்யாவழி என்றால் அவர்கள் வழிபடுகிற பக்கத்து நிழல்தாங்கல். எங்கே போனாலும் அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து மரியாதை செய்வதோடு விட்டுவிடாமல், ஒரு வேலை கொடுக்கச் சொல்லுங்கள். காணிக்கைக் கணக்கு எழுதட்டும், பூக் கட்டட்டும்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அம்மாவின் பெயர் இருக்கிறதா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். 2021 ஆகஸ்ட் முதல் நடக்கிறது. சுகர், பிரஷர் மாத்திரையோடு ஒரு பெண் வீடு தேடி வருவாள். நீங்கள் மருந்தைக் கடையில் வாங்கிக் கொடுக்கிற வசதியில் இருப்பீர்கள், ஆனாலும் அந்த வருகையை இழக்க வேண்டாம்.

நீங்கள் போன் செய்வதையும் கொஞ்சம் மாற்றுங்கள். சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா, சரி வைக்கிறேன் என்று பேசினால் எந்த அம்மாவுக்கும் அது ஆஸ்பத்திரி விசாரிப்பு போலத்தான் இருக்கும். அவரிடம் எதையாவது கேளுங்கள். ஓமனில் இருக்கிற ஒரு பையன் வெள்ளிக்கிழமை லீவன்று போனை அடுப்புப் பக்கம் சாய்த்து வைத்துவிட்டு மீன் கறி வைக்கிறான். இங்கே அவன் அம்மா திரையைப் பார்த்து, "மாங்காய இப்பப் போடாத, தேங்கா அரச்சது கொதிக்கட்டு" என்று அதட்டிக்கொண்டிருக்கிறார். முக்கால் மணி நேரம் போவது இருவருக்கும் தெரியவில்லை. குவைத்தில் உங்களுக்கு மாலை நாலரை என்றால் இங்கே ஏழு. டூட்டி முடிகிற நேரத்துக்குத் தோதாக ஒரு வேளையை நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். வராத அன்றைக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இடப் பிரச்சினை, கொடுக்கல் வாங்கல், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் பார்ப்பது எல்லாவற்றிலும் அவர் யோசனையைக் கேளுங்கள், கேட்டதில் ஏதாவது ஒன்றையாவது நடத்திக் காட்டுங்கள்.

இத்தனையும் அமைந்த பிறகு டேப்பில் ஆப்பும் இருந்துவிட்டுப் போகட்டும், பாட்டு கேட்கவும் வேதம் வாசிக்கவும். வங்கி விவரம், ஓடிபி எதையும் அதனிடமோ போனில் வேறு யாரிடமோ சொல்லக் கூடாது என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லி வையுங்கள். முதியோருக்கான 14567 உதவி எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதிப் போனுக்குப் பக்கத்தில் ஒட்டச் சொல்லுங்கள், காலை எட்டு முதல் இரவு எட்டு வரை எடுப்பார்கள். ஆள் பார்க்க ஏஜென்சிக்குப் போகும் முன்னால் அக்காவை ஒருமுறை வீட்டுக்கு வரச் சொல்லி, அம்மாவையும் கூட உட்கார வைத்து, எந்த மாதிரி ஆள் வேண்டும் என்று அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். அவர் வேண்டாம் என்கிற பெண்ணை எவ்வளவு நல்ல பெண்ணானாலும் வைக்காதீர்கள்.